கடலூரில் போலீஸார் தோளில் தொங்கும் எஸ்.எல்.ஆர். (அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும்) துப்பாக்கி நம் நாட்டுடையதா, வெளிநாட்டுடையதா?

இரண்டும்தான். வடிவமைப்பு பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துடைய ‘ஃபால்’, அதை 1ஏ1 என்ற பெயரில் இங்கே செய்தது மேற்கு வங்கத்தின் இசாப்பூர் ஆலை. இதைத்தான் உள்நாட்டு வகை என்கிறோம்.

1962 சீனப் போரில் நம் வீரர்கள் கையில் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை, அதாவது குண்டை உள்ளே தள்ளும் தண்டை, இழுத்துத் தள்ள வேண்டிய பழைய .303 துப்பாக்கி. அதற்கு மாற்று தேவைப்பட்டது. சண்டை நேரத்தில் அந்நிய நாட்டுக் கப்பலை எதிர்பார்த்து உட்கார முடியுமா?

இங்கே செய்தது, மஞ்சக்குப்பம் தையல்காரரிடம் அளவுச் சட்டை கொடுத்துத் தைக்கிற மாதிரிதான்: வெட்டு அதேதான், பட்டன் துளை மட்டும் சற்றுத் தள்ளி விழும். 1ஏ1-இன் சில பாகங்களும் பெல்ஜிய, பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் சரியாக உட்காராது.

அப்புறம், இதை ஏகே-47 என்று சொல்பவர்கள் உண்டு. அது சோவியத் வடிவமைப்பு, தொடர்ச்சியாகவும் சுடும். 1ஏ1-இல் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான்.