"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள்: வேளாண் தகவல் தொடர்பு கேள்வி – பதில்

கேள்வி: பயிர் மருந்து விற்கும் நிறுவனம் எங்களுடையது. பருவந்தோறும் பளபளப்பான தாளில் துண்டுப்பிரசுரம் அச்சடித்துக் கொடுக்கிறோம். ஆனாலும் விவசாயிகள் மருந்தைத் தவறான அளவில்தான் கலக்கிறார்கள். பிரசுரத்தில் எதை மாற்றுவது?
– விற்பனைப் பிரிவு அலுவலர்

பதில்: கணக்குப் போடும் வேலையை விவசாயி தலையில் கட்டியிருக்கிறீர்கள். முதலில் அதை மாற்றுங்கள். "ஹெக்டேருக்கு 500 மில்லி, 400 லிட்டர் தண்ணீரில்" என்பது ஆய்வறிக்கைக்குப் பொருந்தும். வரப்பில் நிற்பவர் முதுகில் இருப்பது 16 லிட்டர் கைத்தெளிப்பான். 400 லிட்டர் என்றால் 25 டேங்க். 500 மில்லியை 25-ஆல் வகுத்தால் டேங்குக்கு 20 மில்லி. இந்த வகுத்தலை நீங்களே செய்து, "ஒரு டேங்க் (16 லிட்டர்) = 20 மில்லி" என்பதைத்தான் பிரசுரத்திலேயே பெரிய எழுத்தாகப் போட வேண்டும். 10 லிட்டர் டேங்கும் புழக்கத்தில் இருந்தால் அதற்கு 12.5 மில்லி என்று பக்கத்திலேயே போடுங்கள். விசைத்தெளிப்பானுக்குத் தண்ணீர் அளவு வேறு, அதற்கு இந்த எண் செல்லாது என்று ஒரு வரியும் தேவை.

ஹெக்டேர், ஏக்கர் இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஹெக்டேருக்கான அளவை ஏக்கருக்கு ஊற்றினால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். "0.2 சதவீதக் கரைசல்" என்பதும் வம்பு. புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு. "1 லிட்டருக்கு 2 மில்லி" என்று எழுதினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. "ஒரு மூடி" என்றும் எழுதாதீர்கள். புட்டிக்குப் புட்டி மூடி மாறும். கோடு போட்ட அளவுக்குவளையைப் புட்டியோடு கொடுத்துவிடுங்கள்.

அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்களைப் பொதுவாக ஓர் எண்ணாக மூலையில் போடுகிறார்கள். அதற்குப் பதில் இரண்டு வெற்றுக் கட்டங்கள் விடுங்கள்: "தெளித்த தேதி", "இந்தத் தேதிக்கு முன் பறிக்கக் கூடாது". கடைக்காரரோ வீட்டுப் பிள்ளையோ பேனாவால் நிரப்பிவிடுவார்கள். இடம் போதவில்லை என்றால் நிறுவனத் தலைவரின் படத்தை எடுத்துவிடலாம். அதனால் எந்தப் பயிரும் வாடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நச்சு வகைப்பாட்டை ஒட்டிப் பல நாடுகளில் மருந்துப் புட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நிற அடையாளம் இடுகிறார்கள். இதில் பச்சையைப் பார்த்ததும் "இயற்கை மருந்துபோல" என்று எண்ண வாய்ப்புண்டு. இருக்கும் வகைகளில் கடுமை குறைந்தது என்பதே அதன் பொருள். கையுறை, முகக்கவசம் அதற்கும் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் எட்டுப் பேரிடமாவது காட்டுங்கள். உங்கள் ஊழியர்களிடம் காட்டினால் பயனில்லை, அவர்களுக்கு விடை முன்பே தெரியும். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்காக "புரிந்தது" என்றே பதில் வரும். "இதைப் பார்த்து முதலில் என்ன செய்வீர்கள்? அடுத்து?" என்று கேளுங்கள். முடிந்தால் வெறும் தண்ணீரை வைத்துக் கலந்து காட்டச் சொல்லுங்கள். எட்டில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அங்கே இருக்கும் செய்முறைப் படத்தை மாற்றியே தீர வேண்டும். படங்களை எந்த வரிசையில் பார்ப்பது என்பது எல்லாருக்கும் இயல்பாக வராது, எண் இடுங்கள். பெருக்கல் குறி போட்டு "இப்படிச் செய்யாதே" என்று காட்டுவதும் ஆபத்தானது. குறியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

கேள்வி: எங்கள் புதிய ரகத்தைப் பற்றி "30 சதவீதம் கூடுதல் மகசூல்" என்று பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பினோம். ஒருவரைத் தவிர யாரும் போடவில்லை. அந்த ஒருவரும் "என்று நிறுவனம் கூறுகிறது" என்று முடித்துவிட்டார்.
– விதை நிறுவன மக்கள் தொடர்பு அலுவலர்

பதில்: எதைவிட 30 சதவீதம்? வேளாண் செய்தியாளர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஒப்பிட்ட ரகத்தின் பெயர், எத்தனை இடங்களில், எத்தனை பருவங்கள், இறவையா மானாவாரியா, இவை முதல் இரண்டு பத்திகளிலேயே இருக்க வேண்டும். சராசரியோடு மிகக் குறைந்த மகசூலையும் சொல்லுங்கள். குறைந்த எண்ணைத் தானே சொல்லும் நிறுவனத்தின் கூடுதல் எண்ணை நம்புவார்கள்.

சொற்களில் கவனம் தேவை. "எதிர்ப்புத்திறன்" வேறு, "தாங்குதிறன்" வேறு. முன்னதில் நோய்க்கிருமி பயிரில் பெருகுவதே மட்டுப்படும். பின்னதில் நோய் வரும், ஆனால் மகசூல் அதிகம் குறையாது. தாங்கும் ரகத்தை "நோயே வராத ரகம்" என்று எழுதிவிட்டால், முதல் இலைப்புள்ளி தெரிந்த அன்று உங்கள் தொலைபேசி ஓயாது. எதற்கு இந்த ரகம் ஒத்துவராது என்று ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள்: களர் நிலமா, பிந்திய விதைப்பா, சாயும் தன்மை உண்டா?

மொத்தம் 400 சொற்களுக்குள் முடியட்டும். படத்தில் அளவு தெரிய ஓர் ஆளோ அளவுகோலோ இருக்கட்டும். கடைசியில் கொடுக்கும் தொலைபேசி எண்ணில், செய்தி வெளியான இரண்டு நாட்களுக்கு, ரகத்தை உருவாக்கியவரே பேச வேண்டும். செய்தியை அனுப்பிவிட்டு அவரை விடுப்பில் அனுப்புவது நடப்பதுதான்.

கேள்வி: எங்கள் உற்பத்தியாளர் குழுவின் காய்கறிகளில் நஞ்சு இருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. உண்மையா பொய்யா என்று எங்களுக்கே தெரியாது. மறுப்பு வெளியிடலாமா? குழுத் தலைவர் கேமரா முன் சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்கிறார்.
– குழுச் செயலர்

பதில்: தெரியாததை மறுக்காதீர்கள். தலைவரையும் தடுத்து நிறுத்துங்கள். 1990 மே மாதம், பிரிட்டனில் மாட்டு மூளைநோய் பயம் பரவியபோது, வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்கள் முன்னால் தன் சிறு மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்ட முயன்றார். 1996 மார்ச்சில், அந்த நோய்க்கும் மனிதர்களுக்கு வரும் மூளைநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அரசே அறிவித்தது. அதற்குப் பிறகு அந்தப் படம் எதற்குப் பயன்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதுவுமின்றி, மருந்து எச்சம் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துத் தெரிகிற விஷயமும் இல்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது வாய்வேலை அல்ல, கைவேலை. காணொளியில் தெரியும் பெட்டியின் தொகுதி எண், தேதி, சிப்பத்தின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பெட்டிதானா என்று பாருங்கள். உங்களுடையதாகவோ சந்தேகமாகவோ இருந்தால் அந்தத் தொகுதியின் அனுப்புதலை நிறுத்தி, மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தெளிப்புப் பதிவேட்டின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேடு இல்லையென்றால் பிரச்சினை மக்கள் தொடர்பில் இல்லை.

பிறகு பேசும் வரிசை. முதலில் உங்கள் சரக்கை வாங்குபவர்கள், உடனே உறுப்பினர்களும் தொழிலாளர்களும், அதன் பிறகே பொதுமக்கள். வாங்குபவர் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அடுத்த ஆர்டர் வராது. பொது அறிக்கை ஐந்து வாக்கியம் போதும்: "எங்கள் காய்கறி பற்றி ஒரு காணொளி வந்துள்ளதை அறிவோம். இன்ன தொகுதியின் விற்பனையை நிறுத்தியுள்ளோம். இன்று காலை 10 மணிக்கு மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. முடிவு வரும்வரை அந்தத் தொகுதியை வாங்கியவர்கள் பயன்படுத்த வேண்டாம், எடுத்து வந்தால் பணம் திருப்பித் தரப்படும். நாளை மாலை 5 மணிக்கு மீண்டும் பேசுகிறோம்." முடிவு வராவிட்டாலும் 5 மணிக்குப் பேச வேண்டும். "இன்னும் வரவில்லை" என்பதும் செய்திதான். மௌனத்தை மற்றவர்கள் நிரப்பிவிடுவார்கள்.

வதந்தியின் சொற்களைத் தலைப்பில் திருப்பிச் சொல்லாதீர்கள். "எங்கள் காய்கறியில் நஞ்சு இல்லை" என்ற தலைப்பில் நினைவில் நிற்பது நஞ்சுதான். "ஆய்வு முடிவு: இன்ன தொகுதி" என்று போடுங்கள். ஆய்வறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால் அதை "அறவே இல்லை" என்று மாற்றாதீர்கள். அந்தக் கருவியால் அளக்க முடிந்த அளவுக்குக் கீழே என்றுதான் பொருள். மருந்து எச்சம் அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டியிருந்தால், "வரம்பைத் தாண்டினாலும் உடனே ஆபத்தில்லை" என்ற விளக்கத்தை முதல் நாள் சொல்ல வேண்டாம். அது பெரும்பாலும் அறிவியல்படி சரியாகவே இருக்கும், ஆனால் சாக்காகத்தான் காதில் விழும். சரக்கைத் திரும்ப எடுத்த பிறகு, மருத்துவரோ உணவுப் பாதுகாப்பு அலுவலரோ சொல்லட்டும்.

தவறான பெயர் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு 2011-ஐ நினைவில் வையுங்கள். ஜெர்மனியில் ஈ.கோலை கிருமித் தொற்று பரவியபோது, மே இறுதியில் ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றஞ்சாட்டினார்கள். சில நாட்களில், வெள்ளரியில் இருந்த கிருமி நோய்க்குக் காரணமான வகையல்ல என்று தெரிந்தது. ஜூன் 10 அன்று முளைகட்டிய பயிர்களே காரணம் என்று அறிவித்தார்கள். அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் விளைச்சலைக் கொட்டி அழித்துக்கொண்டிருந்தார்கள்.

மாறாக ஒன்று. 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ராபெரிப் பழங்களுக்குள் தையல் ஊசிகள் கிடைத்தன. அங்கே மக்களிடம் சொன்னது "பயப்படாதீர்கள்" என்றல்ல, "வெட்டிப் பார்த்துச் சாப்பிடுங்கள்" என்று. கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்தால் பயத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது. உங்கள் ஐந்து வாக்கியத்தில் நான்காவது அதற்காகத்தான்.

கேள்வி: விவசாயிகளுக்குக் குரல் செய்தி அனுப்புகிறோம். பாதியிலேயே துண்டித்துவிடுகிறார்கள். எவ்வளவு நீளம் சரி?
– ஆலோசனை மையப் பணியாளர்

பதில்: ஒரு நிமிடத்துக்குள். வணக்கம், நிறுவனப் பெயர், திட்டப் பெயர் எல்லாம் சேர்ந்து முதல் 15 வினாடியைத் தின்றுவிடுகின்றன. அவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் வாக்கியத்தில் பயிரும் அதன் வயதும் வரட்டும்: "நட்டு 30 நாள் ஆன நெல்லுக்கு இந்தச் செய்தி." சம்பந்தப்படாதவர் துண்டித்துக்கொள்வார், அது நஷ்டமல்ல. செய்தி எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் சொல்லுங்கள். போன வருட மழை எச்சரிக்கை இந்த வருடம் பகிரப்பட்டு, அதை நம்பி உரம் போடாமல் விட்டால் பழி உங்கள் மேல்தான். எண்களை இருமுறை சொல்லுங்கள். பேசியதைக் கேட்டுக்கொண்டே எழுத யாரும் பேனாவோடு நிற்பதில்லை.

கேள்வி: எங்கள் புதிய ரகத்தை வயலிலேயே காட்டும் வயல் விழாவுக்கு 200 பேர் வந்தார்கள். சாப்பிட்டார்கள், போனார்கள். ரகத்தை வாங்கியவர் சிலர்தான்.
– களப்பணி மேற்பார்வையாளர்

பதில்: 200 பேர் என்றால் பின்னால் நிற்பவர் பார்ப்பது முன்னால் நிற்பவரின் முதுகைத்தான். 25 முதல் 30 பேராகப் பிரித்து, வெவ்வேறு நேரத்தில் வயலுக்குள் நடத்திக் கூட்டிப் போங்கள். மேடைப் பேச்சை 10 நிமிடத்தோடு நிறுத்துங்கள். புதிய ரகத்துக்குப் பக்கத்திலேயே, அதே நாளில் விதைத்து, அதே உரம் இட்ட வழக்கமான ரகம் இருக்க வேண்டும். ஒப்பிட ஒன்றில்லாத செழிப்பு எதையும் நிரூபிக்காது. பெயர்ப்பலகை எழுத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 3 மீட்டர் தொலைவுக்கு 2.5 சென்டிமீட்டர் உயரம். 15 மீட்டரில் நின்று படிக்க வேண்டுமானால் 12.5 சென்டிமீட்டர்.

பயிர் நோஞ்சானாக இருக்கும் மூலையை மறைத்துக் கயிறு கட்டாதீர்கள். அங்கேதான் நல்ல கேள்விகள் பிறக்கும். முக்கியமாக, உங்கள் அதிகாரி பேசுவதைக் குறைத்து, அந்த வயலில் பயிரிட்டவரைப் பேசவிடுங்கள். செலவு என்ன, எது சரிவரவில்லை என்று அவரே சொல்லட்டும். அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோள விதை பரவியதைப் பற்றி பிரைஸ் ரயானும் நீல் கிராஸும் 1943-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. விதையைப் பற்றிப் பெரும்பாலோர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம், ஆனால் முடிவெடுக்கவைத்தது பக்கத்து வயல்காரர். வாங்கியவர்களும் எடுத்தவுடன் முழு நிலத்திலும் விதைக்கவில்லை, கொஞ்சத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஆகவே விழாவன்று பெரிய மூட்டையை விற்கப் பார்க்காமல், சிறு துண்டு நிலத்துக்குப் போதுமான பொட்டலத்தை வைத்திருங்கள். பொட்டலம் வாங்கியவரை விதைத்த மூன்றாவது வாரத்தில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மருந்து தெளித்தால் அக்கம்பக்கத்தினரும் தேனீ வளர்ப்பவரும் சண்டைக்கு வருகிறார்கள்.
– பழத்தோட்ட மேலாளர்

பதில்: தெளித்த பிறகு தரும் விளக்கம் தற்காப்பு, முன்பே சொன்னால் தகவல். 48 மணி நேரம் முன்னதாகவே எந்தப் பகுதி, என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை மணி நேரம் உள்ளே வரக் கூடாது, யாரை அழைப்பது என்று ஒரே துண்டுச் சீட்டில் கொடுங்கள். பூக்கும் பயிரில் தெளிப்பதைக் கூடியவரை தவிருங்கள். தவிர்க்கவே முடியாதென்றால், தேனீக்கள் கூடு திரும்பிய மாலை நேரத்தில். காற்று எழுந்து வேலையைத் தள்ளிவைத்தால் அதையும் சொல்ல வேண்டும். பெட்டிகளை மூடிவைத்துக் காத்திருக்கும் தேனீக்காரருக்கு, தெளிக்காமல் விட்டதும் முக்கியமான செய்தி.