லேப்டாப் அடிக்கடி நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறது, டிரைவர் கோளாறு என்கிறார்கள். ஃபார்மட் போடாமல் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். டிரைவர் என்பது வைஃபை, சவுண்ட் போன்ற பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள்தான். கடைக்காரர் ஃபார்மட் போடச் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

நான் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நினைவு மலர், கோயில் நோட்டீஸ். ஆவணி முகூர்த்த வேலை குவிந்திருந்த நேரம் பார்த்து, மூடியை மூடித் திறந்தாலே நீலத்திரை. கீழே சின்ன எழுத்தில் ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’. கடைத் தம்பி அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை. “வைரஸ்தான்க்கா, ஃபார்மட் போட்டு ரேமையும் மாத்திடலாம்” என்றார். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாதி பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. ஸ்லீப்புக்குப் போகும்போதோ எழும்போதோ ஏதோ ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். எந்த டிரைவர்? சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், நீலத்திரை வரும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்புகள் அதில் சேரும். அதிலுள்ள கோப்புகளை நிர்சாஃப்ட்டின் ப்ளூஸ்கிரீன்வியூவில் (இலவசம்தான்) திறந்தால், சந்தேகப்பட வேண்டிய டிரைவர்களை இளஞ்சிவப்பில் காட்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் வைஃபை டிரைவர். விண்டோஸ் அப்டேட் என்னைக் கேட்காமலே புதுப் பதிப்பைப் போட்டிருந்தது.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் போய், வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழைய பதிப்புக்கே திரும்பினேன். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் உங்கள் மெஷினில் இல்லை. மாடல் எண்ணைப் போட்டு லேப்டாப் கம்பெனி தளத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலுள்ள பவர் மேனேஜ்மென்ட் டேபில், கரண்ட் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிட்டேன். (எல்லா லேப்டாப்பிலும் அந்த டேப் இருக்காது.) அத்தோடு நின்றது. ரேம் அதே பழைய ரேம்தான்.

எல்லா நீலத்திரைக்கும் டிரைவர் காரணமில்லை என்று யாராவது கிளம்புவீர்கள். தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு டிரைவர் கோப்பின் பெயர் வந்தால் ரேமைச் சந்தேகப்படலாம், விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. மலிவான லேப்டாப் வாங்கினால் இப்படித்தான் என்பவர்களுக்கு: 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன, விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதெல்லாம் மலிவு மெஷினா? விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் போடச் சொல்கிறவர்கள், நான் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் கோப்புகளையும் சேர்த்துத் திறந்து கொடுங்கள்.

ஃபார்மட்டுக்கு நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், எழுத்துருக்கள். நான் போட்டுவைத்ததெல்லாம் அதோடு அழிந்துபோகும். எந்த மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடைத் தமிழக அரசே 2010-இல் ஏற்றுக்கொண்டாயிற்று. இன்றைக்கும் வாடிக்கையாளர் ஒருவர் பழைய பாமினி எழுத்துருவில் அனுப்புகிறார், இன்னொருவர் அதேபோல் பழைய வானவில்லில் அனுப்புகிறார்; அந்தந்த எழுத்துரு என் மெஷினில் இருந்தால்தான் படிக்க முடியும். மூன்றாமவர் என்ன எழுத்துரு என்றே தெரியாமல் அனுப்பிவிட்டு, “கட்டம் கட்டமா வருதும்மா, உங்க சிஸ்டத்துல ஏதோ பிரச்சினை” என்கிறார். அதையெல்லாம் மாற்றித் தட்டுவதற்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை.

சரி, உங்கள் திரையில் வரும் பிழையின் பெயரையும் மினிடம்பைத் திறந்தால் தெரியும் டிரைவர் கோப்பின் பெயரையும் கமென்டில் போடுங்கள். தெரிந்தால் சொல்கிறேன்.