ஈயம் பூசியவர் பெயர் என்ன?

கேள்வி: கும்பகோணத்தில் நான் வளர்ந்த தெருவில் ஈயம் பூசுபவர் வருவார், வாடகை சைக்கிள் கடை, கோலி சோடா கடை, ஜட்கா வண்டி எல்லாம் இருந்தன. இன்று ஒன்றும் இல்லை. ‘பழசையே நினைச்சுப் புலம்பாதீங்க’ என்கிறான் மகன். நினைப்பது தப்பா?

பதில்: தப்பே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நாலு தொழில் இருக்கிறது, ஒரு ஆளின் பெயர்கூட இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஈயம் பூசுபவரையே எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் குழி பறித்து, துருத்தி வைத்துக் கரியை மூட்டி, பித்தளை அண்டாவைக் காயவைத்து நவச்சாரம் என்கிற உப்பைத் தூவினால் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும், அந்தப் புகைக்குள்ளேயே வெள்ளீயத்தைத் தேய்த்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றுவார், உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். பூசாத பித்தளையில் புளி சேர்ந்ததையோ மோரையோ வைத்தால் களிம்பு ஏறும். நாம் பயமில்லாமல் சாப்பிட்டது அவர் கைவேலையால், புகையைக் குடித்தது அவர். எங்கள் தெருவில் அவரைச் சின்னப் பிள்ளைகள்கூட ‘ஏய், ஈயம்’ என்றுதான் கூப்பிடும், பெரியவர்கள் யாரும் தடுத்ததில்லை. அப்புறம் எவர்சில்வர் வந்தது. அண்டாவையும் குண்டானையும் எடைக்குப் போட்டோம், அவர் வருவது நின்றது. ஏன் வரவில்லை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும்தான். இன்று நெடுஞ்சாலை நெடுக ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு, பித்தளை டபரா. டபரா திரும்பி வந்துவிட்டது.

உங்கள் ஊரிலேயே, சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாகக் காக்கிறார்கள். நல்ல காரியம். அவருடைய அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அந்தக் கடை எங்கே இருந்தது என்று ஊரில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, மகனோடு வாதாட வேண்டாம். அவனையும் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போங்கள், எண்பது வயதில் யாராவது ஒருவர் இன்னும் இருப்பார், அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: சைக்கிள் கடைக்காரருக்குச் சொந்த ஊர் எது, மணிக்கு எவ்வளவு வாங்கினார், கடையை மூடிய பிறகு எதை வைத்துப் பிழைத்தார், ஜட்காக்காரர் குதிரையை என்ன செய்தார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள். மகன் போனில் பதிவு செய்யட்டும். எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன், பெயர் இல்லாமல் மட்டும் அனுப்பாதீர்கள்.