ஏசியை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்: மாற்றுவதா, ஓட்டுவதா?

கேள்வி: எங்கள் ஸ்பிளிட் ஏசிக்கு வயது பன்னிரண்டு. திடீரென்று குளிர்ச்சி நின்றுவிட்டது. வந்த மெக்கானிக், "கம்ப்ரசர் போயிடுச்சு, இதுக்குச் செலவு பண்றது வீண், புதுசு போட்டுடுங்க" என்கிறார். நம்பலாமா?

பதில்: கம்ப்ரசர் போய்விட்டது என்று எதை வைத்துச் சொன்னார்? மீட்டர் வைத்துப் பார்த்தாரா, இல்லை வாசலில் நின்றபடியே சொன்னாரா? முதலில் நீங்களே அவுட்டோர் யூனிட் பக்கத்தில் போய்ச் சற்று நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்து, சில வினாடிகளில் 'டக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி அதே கதை நடந்தால், கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். இதற்குப் பல நேரங்களில் காரணம் கெப்பாசிட்டர்தான். உள்ளங்கையில் அடங்கும் உருளை டப்பா, மொத்த ஏசியிலேயே விலை குறைந்த பாகங்களில் ஒன்று. எத்தனை மைக்ரோஃபாரட் (அதன் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும், மீட்டர் வைத்தால் அதைவிட எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தலைப்பகுதி உப்பியிருந்தால் மீட்டரே வேண்டாம். (நீங்களாகக் கழற்றிப் பார்க்க வேண்டாம், கரண்ட்டை நிறுத்திய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும்.) உங்களுடையது இன்வெர்ட்டர் ஏசி என்றால் இந்தக் கதை பொருந்தாது, அங்கே முதல் சந்தேகம் கம்ப்ரசரை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு மேல்தான்.

கம்ப்ரசர் நிஜமாகவே எரிந்துவிட்டது என்று உறுதியானால் ஏசியையே மாற்றிவிடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. ஏசியின் சராசரி ஆயுளே பத்திலிருந்து பதினைந்து வருடம், அதில் விலை அதிகமான பாகம் கம்ப்ரசர். ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் வயதை மட்டும் பார்த்து மாற்றச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன், போனது எந்தப் பாகம் என்பதுதான் கேள்வி.

கேள்வி: வருடா வருடம் கேஸ் நிரப்புகிறோம். இப்போது "இந்த கேஸே கிடைக்காது" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இரண்டு விஷயம் இருக்கிறது. ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோக. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தை அடைக்காமல் வருடா வருடம் நிரப்பியவர் உங்களுக்கு வேலை செய்யவில்லை, சந்தா வசூலித்திருக்கிறார். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா பாருங்கள், சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். இணைப்பில் என்றால் சின்னச் செலவு. இன்டோர் காயிலில் (உள்ளே இருக்கும் யூனிட்டில் காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) என்றால் பெரிய செலவு, அதுவும் பழைய மாடலுக்குக் காயில் கிடைத்தால்தான்.

கிடைக்காது என்பதில் உண்மை உண்டு. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 என்ற கேஸ் ஓசோன் படலத்தைக் கெடுப்பது, 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அதை ஒழித்துவருகிறார்கள். வளர்ந்த நாடுகளுக்குக் கெடு 2020-லேயே முடிந்துவிட்டது, வளரும் நாடுகளுக்கு 2030. வரத்து குறையக் குறைய விலை ஏறத்தானே செய்யும்? "அதுக்கென்ன, புது கேஸை இதிலேயே ஏத்திடலாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது கேஸ்களான ஆர்-32, ஆர்-410ஏ இரண்டும் ஆர்-22-ஐவிட மிக அதிக அழுத்தத்தில் ஓடுபவை, உள்ளே ஓடும் எண்ணெயும் வேறு. போதாததற்கு ஆர்-32 லேசாகத் தீப்பற்றும். உங்களுடையது ஆர்-22 மெஷின், ஒழுகல் காயிலில் என்றால், மாற்றுவதுதான் மிச்சம்.

கேள்வி: ஒரே மாடல்தான், இரண்டு இடத்தில் எஸ்டிமேட் வாங்கினோம். மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசம். எப்படி?

பதில்: பெட்டியின் விலையில் அவ்வளவு வித்தியாசம் வராது, பொருத்தும் வேலையில்தான் வரும். அதனால் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடாதீர்கள், வரி வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பர் பைப் எத்தனை மீட்டர், அது புதுசா பழசேயா, சுவரில் ஸ்டாண்ட், தண்ணீர் வடியும் குழாய், வயரிங், பிரேக்கர், பழைய ஏசியைக் கழற்றுவது, அதிலிருக்கும் கேஸை சிலிண்டரில் பிடிப்பது (காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் குற்றம்) எல்லாம் தனித்தனியாக வரட்டும். குறைந்த எஸ்டிமேட்டில் இவற்றில் பாதி இருக்காது. வேலை பாதி நடக்கும்போது "இது எக்ஸ்ட்ரா சார்" என்று வரும், அப்போது வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி: வாக்குவம் பம்ப் போடுவீர்களா? புதுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் கேஜில் 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கி, பம்பை நிறுத்திய பிறகும் முள் ஏறாமல் நிற்க வேண்டும். அவசரக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, வால்வைக் கொஞ்சம் திறந்து கேஸை 'புஸ்'ஸென்று விட்டுக் காற்றை வெளியே தள்ளிவிட்டு, முடிந்தது என்பார்கள். அன்றைக்கு ஏசி நன்றாகவே குளிரும். ஈரம் மட்டும் உள்ளேயே தங்கி, எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரை மெதுவாகத் தின்னும். சில வருடம் கழித்து அது போகும்போது பழி கம்பெனி மேல் விழும்.

கேள்வி: மாற்றுவதுதான் மாற்றுகிறோம், ஒன்றரை டன்னுக்குப் பதில் இரண்டு டன்?

பதில்: பழையது போதுமான அளவு குளிர்ந்துகொண்டிருந்ததா? அப்படியென்றால் வேண்டாம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), ஏறக்குறைய 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசி சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும், காற்றில் இருக்கும் ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே இருக்காது. குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். அந்தப் பணத்தில் வெயில் விழும் ஜன்னலுக்கு ஏதாவது செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் இருப்பது குளிர்ப் பிரதேசம். பதினெட்டு வருட கேஸ் ஃபர்னஸில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் என்று சொல்லி, ஏசியையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: ஃபர்னஸ் என்பது எரிவாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கும் மெஷின், அந்தச் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கொடுத்து, புகையைத் தனியே பிரித்து வைக்கும் உலோக அறைதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். விரிசல் நிஜம் என்றால் பேரம் பேசும் விஷயம் இல்லை. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் வரலாம், அதற்கு வாசனையும் கிடையாது. ஆனால் கேமரா விட்டு எடுத்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள், பயமுறுத்தி விற்பதற்கு இந்தத் தொழிலில் அதிகம் பயன்படும் சொல் இந்த 'விரிசல்'. படம் வரும்வரை ஃபர்னஸை அணைத்து வையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றே வாங்குங்கள்.

அடுத்து, எரிக்கும் வாயுவில் 80 சதவீதத்தை வீட்டுக்குச் சூடாகத் தரும் ஃபர்னஸா, 95 சதவீதமா என்று கேட்பார்கள். 80-லிருந்து 95-க்குப் போனால் எரிவாயுச் செலவு 16 சதவீதம் போலக் குறையும். உங்கள் ஒரு வருட ஹீட்டிங் பில்லில் அந்த 16 சதவீதம் எவ்வளவு, அதிகப்படி விலையை அது எத்தனை வருடத்தில் ஈடுகட்டும் என்று போட்டுப் பாருங்கள். அதிகப்படி விலை என்றால் மெஷின் விலை மட்டும் இல்லை. 95-ன் புகை பழைய சிம்னி வழியாகப் போகாது, சுவரைத் துளைத்துத் தனிப் பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும், அதில் சேரும் தண்ணீர் வடிய வழி வேண்டும். அப்புறம், வாட்டர் ஹீட்டரின் புகையும் அதே சிம்னியில் போய்க்கொண்டிருந்தால், இனி அது தனியாக நிற்கும். அதற்கு மட்டும் சிம்னி பெரிசு, புகை சரியாக மேலே ஏறாது. அதனால் உள்ளே லைனர் (குறுகலான உட்குழாய்) போட வேண்டியிருக்கும். இது முதல் எஸ்டிமேட்டில் பெரும்பாலும் இருக்காது.

ஏசி பத்து வருடம் தாண்டியிருந்தால் சேர்த்தே மாற்றலாம், காயில் ஃபர்னஸ் மேலேயே உட்கார்ந்திருப்பதால் கூலி ஒரு தடவையோடு போகும். ஐந்து வருட ஏசி என்றால் தொடாதீர்கள்.

கேள்வி: பத்து வருட வாரண்டி என்று போட்டிருக்கிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டி வேறு எடுக்க வேண்டுமா?

பதில்: பெரிய எழுத்தில் இருக்கும் பத்து வருடம் பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். கூலி, கேஸ், போர்டு, காயில் நான்கும் அதில் உண்டா என்று கேளுங்கள். இன்வெர்ட்டர் ஏசிக்கு, போர்டைச் சேர்த்துத் தரும் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்றால் எடுக்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.