உடலைக் குளிரவைத்து இதய ஆபரேஷன்: அந்த நேரத்தில் மூளையை யார், எப்படிப் பார்க்கிறார்கள்?

(இதய அறுவை சிகிச்சைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் பதில் சொல்கிறார்.)

அப்பாவுக்கு மகாதமனி வளைவில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வளையும் இடத்தில், ஆபரேஷன். உடம்பைக் குளிரவைத்து ரத்த ஓட்டத்தையே நிறுத்துவோம் என்கிறார்கள். மூளை தாங்குமா டாக்டர்?

பயப்படுவது நியாயம்தான் அம்மா. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. குளிரக் குளிர அந்தத் தேவை குறையும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6, 7 சதவீதம். 18, 20 டிகிரிக்கு இறக்கினால் சுமார் அரை மணி நேரம் தாங்கும். இப்போது பெரும்பாலும் அதையும் நம்பி விட்டுவிடுவதில்லை. வலது அக்குள் தமனி வழியாக மூளைக்கு மட்டும் குளிர்ந்த ரத்தம் அனுப்புவோம், கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லி. அப்பாவுக்கு எந்த முறை என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்.

நான் நர்சிங் மாணவி. தியேட்டரில் நோயாளியின் நெற்றியில் இரண்டு பட்டை ஒட்டுகிறார்களே, அது என்ன மேடம்?

அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை மண்டையோட்டுக்குள் அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து அங்குள்ள ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று காட்டும் கருவி அது. வழக்கமாக 60 முதல் 80 வரை இருக்கும். மயக்க மருந்துக்கு முன்பே ஒட்டி, முதல் எண்ணைக் குறித்துவிடுங்கள். அந்த நோயாளியின் சொந்த எண்தான் அளவுகோல். அதிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் உடனே காரணம் தேட வேண்டும்.

குளிரும்போது எண் பொதுவாக ஏறும், ஏனென்றால் செலவு குறைகிறது. அப்போது இறங்கினால் விடவே கூடாது. ஒருமுறை எனக்கு, அக்குள் வழியே ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் 72-இல் நிற்க, இடப்பக்கம் மட்டும் 70-இலிருந்து 48-க்கு வந்தது. பட்டை சரியாக ஒட்டியிருந்தது, கழுத்து திரும்பவில்லை, ரத்த அழுத்தம், கார்பன் டை ஆக்சைடு, ஹீமோகுளோபின் எல்லாம் சரி. மூளைக்கு அடியில் இரு பக்கத்தையும் இணைக்கும் ரத்தக்குழாய் வளையம் எல்லோருக்கும் முழுமையாக இருப்பதில்லை. வலப்பக்க ரத்தம் இடப்பக்கத்துக்குப் போகவில்லை போலிருக்கிறது என்று சர்ஜனிடம் சொன்னேன். இடது கழுத்துத் தமனியில் இன்னொரு குழாய் வைத்தார். எண் மெல்ல 66-க்கு ஏறியது. அந்தச் சில நிமிடங்கள் நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் கருவியை வைத்தால் மூளையின் ரத்த ஓட்டத்தையே நேரடியாக அளக்கலாமே?

ஓட்டத்தை அல்ல, ரத்தம் ஓடும் வேகத்தை. நார்வேயைச் சேர்ந்த ரூனே ஆஸ்லிட் 1982-இல் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியைக் காதுக்கு முன்னாலுள்ள மெல்லிய எலும்பு வழியே செலுத்தி இதைச் செய்து காட்டினார். குழாயின் விட்டம் மாறாதவரைதான் வேகத்தை வைத்து ஓட்டத்தை ஊகிக்க முடியும். சிலருக்கு அந்த எலும்பு தடிமன், ஒலி உள்ளேயே போகாது. ஆனாலும் எனக்கு இது பிடிக்கும், காதால் கேட்கலாம். இதயம் துடிக்கும்போது ஷ்ஷ், ஷ்ஷ் என்று வரும். இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் எந்திரத்துக்கு மாற்றியதும் அது ஒரே இழுப்பாகிவிடும். நடுவில் 'க்விச்' என்று குருவி மாதிரி ஒன்று கேட்டால் காற்றுக் குமிழியோ, ரத்தக்கட்டி போன்ற ஏதாவது துணுக்கோ போயிருக்கிறது.

இந்தக் குளிரூட்டல் எப்போது வந்தது?

1952 செப்டம்பர் 2. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் 5 வயதுச் சிறுமியைக் குளிர்ப் போர்வையில் சுற்றி, ஐந்தரை நிமிடத்தில் இதயத்தில் இருந்த ஓட்டையை மூடினார்.

திரும்பச் சூடேற்ற ஏன் இவ்வளவு நேரம்?

அவசரப்பட்டால் மூளைதான் அடிபடும். மூளையின் பசி திரும்பும் வேகத்துக்கு ரத்தமும் ஈடுகொடுக்க வேண்டுமே. எந்திரத்திலிருந்து போகும் ரத்தம் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30-க்கு மேல் நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மிகாமல் ஏற்றுவோம். நெற்றி எண் அதிகம் சரிவதும் இந்தக் கட்டத்தில்தான்.

கடைசிவரை எண் நன்றாக இருந்தால் பக்கவாதம் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது ஐயா. பட்டை பார்ப்பது நெற்றிக்குப் பின்னாலுள்ள சிறு பகுதியை மட்டும். பின்மூளையில் ஒரு துணுக்கு அடைத்தால் அதற்குத் தெரியாது. அதனால்தான் நோயாளி கண் திறந்ததும் ஐசியூவில் இரண்டு கையையும் அழுத்தச் சொல்கிறோம், இரண்டு காலையும் தூக்கச் சொல்கிறோம்.