மல்டிகாஸ்டில் யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டும் என்பது எப்படித் தெரிகிறது?

ஒரே தரவைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட் முறையில், பெறுநர்களின் பட்டியல் எந்த சர்வரில் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியொரு முழுப் பட்டியல் எங்குமே இல்லை. அனுப்பும் சர்வர் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான முகவரிகளுள் ஒன்றைக் குழு முகவரியாகக் கொண்டு பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்; பெறுபவர் ஆயிரம் பேரா, ஒருவரும் இல்லையா என்பது அதற்குத் தெரியாது. ஸ்டீவ் டீரிங் எழுதி 1989இல் வெளியான ஆர்எஃப்சி 1112 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் முதல் அடிப்படை இதுதான்.

நான் வடசென்னையில் கேபிள் வழி இணையமும் டிவியும் தரும் வலையமைப்பைப் பராமரிப்பவன். ஆகவே எடுத்துக்காட்டும் அங்கிருந்தே. சேனல்கள் புறப்படும் மையமான ஹெட்எண்ட் பெரம்பூரில் இருக்கிறது, வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது என்று கொள்வோம். அந்த வீட்டில் சேனலை மாற்றியதும் செட்டாப் பாக்ஸ் தனக்கு வேண்டிய குழுவை ஐஜிஎம்பி என்ற, குழுவில் சேரக் கேட்கும் நெறிமுறை வழியாக அருகிலுள்ள ரவுட்டருக்குத் தெரிவிக்கிறது. அந்தக் குழு அங்கே ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால் ஒரு பிரதி எடுத்து அனுப்புவதோடு வேலை முடிந்தது; வராவிட்டால், அந்த ரவுட்டர் மூலத்தின், அதாவது அனுப்பும் சர்வரின், திசையில் உள்ள அடுத்த ரவுட்டருக்கு பிம் என்ற, ரவுட்டர்களுக்கு இடையிலான மல்டிகாஸ்ட் நெறிமுறை வழியாக இணைவுக் கோரிக்கை அனுப்பும், அதுவும் தனக்கு மேலுள்ளதிடம் அவ்வாறே கேட்கும். இப்படி, பாக்கெட் கிளைபிரிந்து செல்லும் பாதைகளாலான மரம், வீடு இருக்கும் நுனியிலிருந்து சர்வர் இருக்கும் வேரை நோக்கிக் கட்டப்படுகிறது. ஒரு சேனல் 4 மெகாபிட் என்றால், 500 வீடுகளுக்குத் தனித்தனியாக அனுப்ப 2 ஜிகாபிட் வேண்டும்; இம்முறையில் எந்த இணைப்பிலும் 4 மெகாபிட்தான்.

மூலம் எதுவென்று தெரியாதபோது அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இரு தரப்பும் முதலில் ஒரு பொதுச் சந்திப்பு ரவுட்டரில் இணைகின்றன. ஐஜிஎம்பியின் 3ஆம் பதிப்பில் மூலத்தின் முகவரியையும் சேர்த்தே கேட்கலாம் என்பதால், டிவி சேவைக்கு அந்தச் சந்திப்பு ரவுட்டர் வீண் சுமை என்பது என் கருத்து.

இனி முக்கியமானது. சாதாரண ரவுட்டிங்கில் பாக்கெட் எங்கே போக வேண்டும் என்று பார்க்கப்படுகிறது. மல்டிகாஸ்டில் அது எங்கிருந்து வந்தது என்பதும் பார்க்கப்படுகிறது. மூலத்தைச் சென்றடையத் தான் பயன்படுத்தும் வழியாகவே பாக்கெட் வந்திருந்தால் ரவுட்டர் அதை ஏற்கும். வேறு வழியாக வந்திருந்தால் ஓசையின்றித் தள்ளிவிடும். ஒரே பாக்கெட் சுற்றிச் சுற்றிப் பெருகாமல் காப்பது ஆர்பிஎஃப் எனப்படும் இந்தச் சோதனைதான்.

களத்தில் ஆளைக் குழப்புவதும் இதுவே. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் செல்லும் ஃபைபர் அறுந்தால் உதவும் என்று மணலி வழியாக ஒரு மாற்றுப் பாதையைச் சேர்த்துவிட்டு, அதில் பிம்மை இயக்க மறந்துவிட்டால், ரவுட்டிங் அட்டவணை மணலி வழியைத் தேர்ந்தெடுத்த கணமே படம் நின்றுவிடும். இணைவுக் கோரிக்கையை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை. இணைப்பைச் சோதிக்கும் பிங் போகும், இணையமும் வேலை செய்யும். ஆகையால் சேனல் மட்டும் வரவில்லை என்ற புகார் வந்தால், செட்டாப் பாக்ஸை மாற்றுவதற்கு முன், மூல முகவரிக்கு ஆர்பிஎஃப் எந்த இணைப்பைக் காட்டுகிறது என்று அந்தப் பகுதி ரவுட்டரில் பாருங்கள்.