ஊதும் டெஸ்ட் அப்படியே இருக்கிறது, அப்பாவால் ஏன் நடக்க முடியவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது. ஸ்பின்னிங் மில்லில் ப்ளோ ரூம், கார்டிங் என்று பஞ்சுத் தூசி பறக்கும் பிரிவுகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கும் நாட்பட்ட நுரையீரல் நோய்) என்று டாக்டர் சொன்னதும் போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஊதும் டெஸ்டில் எஃப்.இ.வி.1 (முதல் ஒரு நொடியில் ஊதும் காற்று) அப்போது இருக்க வேண்டியதில் 58 சதவீதம், போன மாதம் 57. ஆனால் பாத்ரூம் போய்வந்தாலே மூச்சு வாங்குகிறது என்று நாள் முழுக்கப் படுத்தே இருக்கிறார். பழகிவிடும் என்று இன்ஹேலர் அடிப்பதில்லை. மெடிக்கலில் கேட்டு மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரையும், தூக்கத்துக்கு அல்பிரசோலமும் மாதக்கணக்கில் போடுகிறார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மெஷின் 94, 95 காட்டுகிறது. இது கேன்சரில் முடியும் என்று யூடியூபில் பார்த்துப் பயந்துவிட்டேன். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று வேறு அடிக்கடி சொல்கிறார். மூச்சு திரும்புமா?
— வாசகி, பல்லடம்

பதில்: கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று, அதை இன்றே கவனிக்க வேண்டும். மூச்சு, நடையெல்லாம் அடுத்த வாரம்கூடப் பார்க்கலாம்.

அவரைத் தனியாக உட்காரவைத்து நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போயிரலாம்னு மனசுல தோணுதுங்களாப்பா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். வராது. கேட்க ஆள் இருக்கிறதே என்று பாரம்தான் குறையும். "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து இருந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ராத்திரியானால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. உதவி எண் 14416 அல்லது 104க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். "இல்லை" என்றாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மெடிக்கலில் வாங்கும் மாத்திரைகளைப் பற்றிக் கோபமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மான்டெலுகாஸ்டுக்கு சி.ஓ.பி.டி.யில் வேலையே இல்லை. மனச்சோர்வு, கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 மார்ச்சில் இந்த மருந்துக்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. மூக்கடைப்புக்கு என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற மாத்திரை அது! இன்றோடு நிறுத்துங்கள்.

அல்பிரசோலத்தை மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் போட்டவருக்கு வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும்படி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு வேளைக்கும் உரிய மாத்திரையை மட்டும் உங்கள் கையால் கொடுங்கள். இந்த மருந்து மூச்சை மந்தமாக்கும், கரியமில வாயு உடம்பிலேயே தங்கும். விரல் மெஷின் அதைக் காட்டாது. காலையில் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சில் குழப்பம் என்று கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி மூச்சுக்கு வருவோம். 58க்கும் 57க்கும் வித்தியாசமே இல்லை. ஒரே ஆள் காலையும் மாலையும் ஊதினாலே அதைவிட அதிகமாக மாறும். நுரையீரல் போன வருடம் இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஆனால் ஆள் படுத்துவிட்டார். நடக்காத தொடைத் தசை கரைகிறது. கரைந்த தசை கொஞ்ச வேலைக்கே அதிகக் காற்று கேட்கிறது. மூச்சு வாங்கியதும் பயம் வருகிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு இழுக்கும்போது, சுருங்கிய குழாய்கள் வழியாகப் பழைய காற்று வெளியே போக நேரம் போதாமல் நெஞ்சுக்குள்ளேயே அடைகிறது. இது நடிப்பும் இல்லை, பிரமையும் இல்லை. மூச்சு நிஜமாகவே முட்டுகிறது. மனச்சோர்வு இருப்பவர்களுக்கு அதே 57 சதவீதத்தில் இன்னும் அதிகமாக முட்டும்.

வேலை போனதற்கும் இதில் பங்கு உண்டு. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடியபிறகு, 1930களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தெருவில் ஆட்கள் நடக்கும் வேகத்தைக் கணக்கெடுத்தார்கள். வேலையிழந்த ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். அவர்களுக்குப் போக வேண்டிய இடம் இல்லாமல் போயிருந்தது. பெண்களுக்கு வீட்டு வேலை அப்படியே இருந்தது. ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதரை ஒரே நாளில் கட்டிலில் போட்டால் சம்பளம் மட்டுமா நிற்கும்?

மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதலாம். அது தூக்க மாத்திரை அல்ல, அல்பிரசோலம் மாதிரி அடிமையாக்காது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் "கேட்கவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்ஹேலர் பழகிவிடும் என்பது அபத்தம். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகும் மருந்து, இதில் மைக்ரோகிராம் கணக்கில் நேராகக் குழாய்க்குப் போகிறது. இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கும் குழலான ஸ்பேசர் வாங்குங்கள். டப்பாவைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். அடுத்த பஃப் ஒரு நிமிடம் கழித்து. ஸ்டீராய்டு கலந்தது என்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இரண்டு பஃப்பையும் சேர்த்து அழுத்துவதும், குலுக்காமல் அடிப்பதும்தான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

தினமும் அடிக்க வேண்டிய இன்ஹேலரை அடித்த பிறகு நடக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம், சமதரையில், நீங்களும் கூடவே. மூச்சு வாங்கத்தான் செய்யும், வாங்கட்டும். நடந்துகொண்டே ஒரு வாக்கியம் பேச முடிந்தால் போதும். முட்டினால் நின்று, மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணி விட வேண்டும். வாராவாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது தொடைக்கு. நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அருகில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் இன்னும் நல்லது. எட்டு வாரப் பயிற்சியில் நடக்கும் தூரமும் கூடும், மனச்சோர்வும் குறையும்.

94, 95 அவருக்கு நல்ல அளவு, மெஷினை அலமாரியில் வையுங்கள். சி.ஓ.பி.டி. கேன்சராக மாறுவதில்லை. சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் சளிப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கலாம், இல்லையென்றால் யூடியூபை மூடுங்கள்.

மூச்சு திரும்புமா என்று கேட்டீர்கள். 57 என்ற எண் 90 ஆகாது. பாத்ரூம் வரைதான் என்றிருப்பவர் கடைவீதி வரை போய்வர முடியும், வேலைக்கும் போக முடியும். ஆனால் பஞ்சுத் தூசியில் வேண்டாம். கேட், ஸ்டோர் போன்ற வேலை கிடைக்குமா என்று பாருங்கள். வார லீவு முடிந்து மில்லுக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகுமா என்றும் அவரிடம் கேளுங்கள். இறுகியது என்றால் அது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸாக இருக்கலாம், இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. ஊதும் டெஸ்ட் ரிப்போர்ட் இரண்டையும், எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்ற விவரத்தையும், இ.எஸ்.ஐ. கார்டையும் எடுத்துக்கொண்டு அங்குள்ள மருத்துவரிடம் இதைச் சொல்லி, மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.